பெட்டியைத் திருப்பிய தும்பி

வீட்டுக்கு வீடு கணினி வராத காலம் அது. தும்பியின் வீட்டில் மட்டும் ஒன்று இருந்தது. ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் உட்காராததால் அவளுக்குத் தும்பி என்று பெயர்.

அந்தக் கணினியில் ஒரே ஒரு விளையாட்டு. வானத்திலிருந்து கற்கள் விழும். விண்கலத்தை நகர்த்தி அவற்றைச் சுட வேண்டும். தட்டித் தட்டி, விசைப்பலகையில் இரண்டு விசைகள் பால்பல் போல விழுந்துவிட்டன.

மின்னணுக் கருவிகள் செய்யும் அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கையடக்கப் பெட்டி ஒன்று. வலப்பக்கம் ஆட்டும் குச்சி, இடப்பக்கம் சுடும் பொத்தான். உள்ளே, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுவோமே, அதுபோல இரண்டு திருகுகள். ஒன்று இடம் வலம் சொல்லும். மற்றது மேலே கீழே சொல்லும். குச்சியை விட்டால் சுருள்கம்பி அதை நடுவுக்கு இழுத்துவிடும்.

ஆறு மாத உழைப்பு. இருபது பெட்டிகள் தயார். அன்று நான்கு மணிக்குக் கணினிக் கடைக்காரர் பார்க்க வருகிறார்.

மதியம் பக்கத்து வீட்டுக் கடுகு விளையாட வந்தான். மூன்று மூச்சுக்குள் அவன் விண்கலம் நொறுங்கியது. மறுபடியும் நொறுங்கியது.

"எனக்கு வராது. நான் வீட்டுக்குப் போறேன்" என்றான், கண் கலங்க.

"இருடா, இன்னொரு வாட்டி ஆடு."

தும்பி அதிசயமாக அசையாமல் உட்கார்ந்து அவன் கைகளையே பார்த்தாள். குச்சியை இடக்கையில் பிடித்திருந்தான். பொத்தானைத் தொட வலக்கை அதைத் தாண்டிப் போனது. இரண்டு கையும் முடிச்சு போட்டதுபோல் இருந்தன.

"எந்தக் கையில எழுதுவ?"

"இடது."

"அப்ப தப்பு உன் மேல இல்லடா. பெட்டி மேல!"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "குச்சிய அந்தப் பக்கம் மாத்த மூடியில இன்னொரு ஓட்டை போட நேரமில்லடி."

"ஓட்டை எதுக்கும்மா?" தும்பி பெட்டியை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தாள். குச்சி இடப்பக்கம் வந்தது. பொத்தான் வலப்பக்கம் போனது.

கடுகின் முகம் மலர்ந்தது. குச்சியை இடப்பக்கம் தள்ளினான். விண்கலம் வலப்பக்கம் ஓடியது! மேலே தள்ளினான். கீழே பாய்ந்தது. டமார்!

மூவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சட்டென்று தும்பி நிறுத்தினாள். "பெட்டிய திருப்பின மாதிரி, உள்ள இருக்கறதையும் திருப்ப முடியாதாம்மா?"

அம்மா பெட்டியைத் திறந்தாள். "ஒவ்வொரு திருகுக்கும் ரெண்டு முனை. கம்பிய இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு மாத்தினா..."

"இடது வலது ஆயிடும்!"

"அப்ப வலக்கைக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

"மாத்தறதுக்கு ஒரு சுவிட்ச் வைங்க. அடியில வச்சா ஓட்டை கோணலா இருந்தாலும் யார் பாக்கப் போறா?"

அம்மா கம்பிகளைச் சூடாக்கி ஒட்டும் பற்றவைப்புக் கோலை எடுத்தாள். வாசலில் மணி அடித்தபோது ஒரு பெட்டி முடிந்திருந்தது.

"குச்சி, பொத்தான். எல்லாரும் செய்றதுதானே?" என்றார் கடைக்காரர், உதட்டைப் பிதுக்கி.

"எங்க கடுகோட ஒரு ஆட்டம் ஆடுங்க மாமா" என்றாள் தும்பி.

அவர் ஆடினார். எண்ணூறு புள்ளி. "சின்னப் பையன், பாவம்" என்று எழுந்தார்.

தும்பி சுவிட்சைத் தட்டி, பெட்டியைத் திருப்பிக் கடுகிடம் கொடுத்தாள்.

இடக்கை குச்சியில் நடனமாடியது. வலக்கைக் கட்டைவிரல் படபடத்தது. ஐந்நூறு. எண்ணூறு. ஆயிரத்து இருநூறு! கடைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"என் பொண்ணும் இடக்கைதான். தனக்கு விளையாடவே தெரியாதுன்னு நினைச்சிட்டிருக்கா" என்றார் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினார். "இருபதுலயும் இந்தச் சுவிட்ச் வச்சிடுங்கம்மா. எல்லாம் எனக்கே வேணும்!"

அம்மா தும்பியை அப்படியே தூக்கிச் சுற்றினாள். "கடுகு, கேட்டியாடா? ஜெயிச்சிட்டோம்!"

கடுகு திரும்பவே இல்லை. "கொஞ்சம் சும்மா இருங்களேன், எவ்வளவு பெரிய கல்லு வருது பாருங்க!"