நகைமானி காப்பாற்றிய சிரிப்பு

மண்டையோடு உள்ளங்கை அகலத்துக்குத் திறந்திருந்தது. ஞானரூபன் விழித்திருந்தார். வலி இல்லை, பயம் மட்டும் இருந்தது.

"அடுத்த ஜோக்," என்றாள் டாக்டர் நப்பின்னை.

நகைமானி இரண்டு குரலில் சொன்னது: "உங்க வீட்டுக்காரர் தினமும் தண்ணி அடிப்பாராமே?" "ஆமா, தெருமுனை பம்புல பத்துக் குடம்!"

ஞானரூபன் யோசித்தார். "பாவம், அந்த வீட்டில கிணறு இல்லையோ?"

திரையில் சிரிப்பைக் காட்டும் கோடு அசையவில்லை. இது மூன்றாவது ஜோக். ஒளிக்கத்தி தானாகப் பூட்டிக்கொண்டது.

முன்பெல்லாம் மூளையின் இந்த இடத்தில் கட்டியை எடுத்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் எந்த வேடிக்கையும் புரியாமல், சொந்த வீட்டிலேயே அந்நியர் ஆனார்கள். அதைத் தடுக்க வந்ததுதான் நகைமானி. நாற்பதாயிரம் பேர் எதற்கெல்லாம் சிரித்தார்கள் என்று படித்த கருவி. மூன்று ஜோக்குக்கும் மூளை அசையாவிட்டால், சிரிப்பின் நரம்பு அறுபடுகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்குள் ஒரு சிரிப்பாவது பதிவாக வேண்டும். இல்லையென்றால் தலையை மூடிவிட வேண்டியதுதான். கட்டியில் பாதி இன்னும் உள்ளே இருந்தது.

ஆறு நிமிடம் போய்விட்டது. நப்பின்னைக்கு ஒரு சந்தேகம். நரம்பு அறுந்தவன் கிணறு இல்லாத வீட்டுக்காக இரக்கப்படுவானா?

"இவர் மனைவியை லைன்ல போடுங்க. எப்படியாவது சிரிக்க வைக்கச் சொல்லுங்க."

யோகமலர் வெளியே காத்திருந்தாள். கடல் தாண்டிப் பருத்தித்துறையிலிருந்து சிகிச்சைக்காக இருவரும் இங்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, நான்தான் கதைக்கிறன். வந்த புதுசில மேல்வீட்டு அம்மா என்ன சொன்னவ? 'எங்க வீட்டுக்காரர் உங்ககூட நல்லாப் பேசணும்னு ஆசைப்படுறார்' எண்டு. நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"பின்கதவால ஓடினனான்!"

ஞானரூபனுக்குச் சிரிப்பு பீறிட்டது. திரையில் கோடு உச்சிக்குத் தாவியது. கத்தியின் பூட்டு திறந்தது.

நப்பின்னைக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுல என்னம்மா இருக்கு?"

"எங்கட ஊரில பேசுறது எண்டால் ஏசுறது, டொக்டர். ஆசை ஆசையா ஏச வாறார் எண்டு பயந்துட்டம்."

கட்டி முழுதாக வெளியே வந்தது.

மாலையில் நப்பின்னை பழைய பதிவுகளைத் திறந்தாள். இரண்டு வருடத்தில் கத்தி பூட்டிக்கொண்டதால் பாதியில் மூடிய தலைகள் பத்தொன்பது. அவர்களும் வேறு வட்டாரப் பேச்சுக்காரர்களோ என்று பிறந்த ஊரைத் தேடினாள். படிவத்தில் அப்படியொரு கட்டமே இல்லை. முதல் எண்ணை அழைத்தாள். நோயாளியின் மகள் எடுத்தாள்.

"உங்க அப்பாவுக்கு எந்த ஊரும்மா?"

"தக்கலைப் பக்கம், டாக்டரே. போன மாசம் தவறிட்டாரு. ஆனா கடைசி நாள் வரைக்கும் சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டுதான் கெடந்தாரு. கட்டிய எடுக்க முடியலேன்னாலும் சிரிப்ப காப்பாத்தித் தந்தீங்கல்லா. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தோம்."