காவலில் இல்லை

டெலிபோன் மணி அடித்ததில் தப்பில்லை. பாதி மணியில் நின்றதுதான் தப்பு.

நடீன் டாக்கெட் நிலவறையில் நின்று, டிரையரிலிருந்து எடுத்த துண்டுகளைச் சூடு ஆறுமுன் மார்போடு சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணிக்கே ஜன்னல் சாம்பல் நிறமாகியிருந்தது. தகரக் கூரையில் விழுந்த மழை விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகி, மேலே யாரோ அரிசி கொட்டுவதுபோல் சலசலத்துக்கொண்டே இருந்தது. தலைக்கு நேர் மேலே, சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பழைய போன் மூன்று தடவை முழுசாக அலறியது. நாலாவது அலறல் கழுத்தைப் பிடித்தாற்போல நடுவில் அறுந்தது. கூடவே ஒரு சின்னச் சத்தம். ரிசீவர் கொக்கியை விட்டு உரசிக்கொண்டு வெளியே வரும் சத்தம்.

அந்த வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

துண்டை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடீன் அப்படியே நின்றாள். டிரையர் ஆறும்போது அதன் வயிற்றுக்குள் தகடு டிக் டிக்கென்று சுருங்கிற்று. எண்ணெய் கணப்பு ஒரு தடவை பெருமூச்சு விட்டு அணைந்தது. மேலே சத்தமே இல்லை. ஆனால் ஆளில்லாத வீட்டின் அமைதி ஒரு மாதிரி, ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதையோ காதுகொடுத்துக் கேட்கும்போது வரும் அமைதி வேறு மாதிரி. ராய்ஸோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. ஒரு நிமிஷம் இருக்கலாம் என்று நினைத்தாள்.

பிறகு மேலே, மெதுவாக, ரிசீவர் கொக்கியில் மாட்டப்பட்டது.

அவள் படியேறிப் போனபோது சமையலறையில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அடுப்பில் பீன்ஸ் சட்டி. துணி மூடிய சோள ரொட்டி. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி. போன் அதன் இடத்தில் இருந்தது. அதிலிருந்து தொங்கும் சுருள் ஒயர் மட்டும் ஊஞ்சல்போல் ஆடி ஆடி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கியது.

போனுக்குக் கீழே, கூப்பிட்டவர் எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டி. அதில் மணி 4:11 என்றிருந்தது. எண், அவளுக்கு மனப்பாடம்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ராய்ஸ் அவள் தாடையை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டு ஹார்லோ கவுண்டி சிறைக்குப் போனபோது, கோர்ட்டில் உதவிக்கு இருந்த பெண்தான், கைதிகளைப் பற்றித் தகவல் சொல்லும் அந்த இலவச எண்ணில் அவள் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். ராய்ஸை ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்கு மாற்றினால், கோர்ட்டுக்குக் கொண்டுபோனால், விட்டால், தப்பினால், அடுத்த நிமிஷம் போன் வரும். மனுஷக் குரல் இல்லை. பதிவு செய்த ஒரு பெண் குரல். செய்தியைச் சொல்லிவிட்டு ரகசிய எண்ணைக் கேட்கும். நாலு இலக்கத்தை அழுத்தினால்தான் விடும். அழுத்தாவிட்டால் அரைமணிக்கு ஒரு தடவை, விடிய விடிய, கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

"கல்யாண நாள், பொறந்த நாள் எதுவும் வேணாம். அந்தாளு நினைச்சே பாக்க முடியாத நம்பரா வெச்சுக்கோங்க" என்று அந்தப் பெண் சொன்னாள். நடீன் ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எதிர்ச் சுவர்க் கடிகாரம் காட்டிய நேரத்தை வைத்தாள். ஐந்து நாற்பத்திரண்டு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தேவாலயத்தில் ஜெபிக்கும்போதுகூட அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மலைகளுக்கு நடுவில் செல்போன் எடுக்காத பள்ளம் அது. அந்தச் சுவர் போன்தான் துணை. அடுப்பை அணைத்தோமா என்று படுக்கப்போகும் முன் பார்ப்பவர்கள் உண்டு. நடீன் அந்த இலவச எண்ணைக் கூப்பிடுவாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, நாலு பொத்தானை அழுத்துவாள். "ராய்ஸ் டாக்கெட், காவலில் இருக்கிறார்" என்று குரல் சொல்லும். அதைக் கேட்டால்தான் தூக்கம்.

போன பிப்ரவரியில் குரல் வேறு சொன்னது. "காவலில் இல்லை. காரணம், மரணம்." சிறைக் கழிப்பறையில் மாரடைப்பு. பதிவை ரத்து செய்துவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் செய்யவில்லை. செத்துவிட்டான் என்று தினமும் சாயங்காலம் யாராவது சொல்லக் கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. ஒன்பது மாதமாக ஒரு நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ரிசீவரை எடுத்தாள். வாயருகே வரும் பகுதி ஈரமாக இருந்தது. வலி தைலம்போல் ஒரு வாசனை. ராய்ஸ் கன்னத்தில் அடக்கும் புகையிலைக்கும் அதே வாசனைதான்.

கழுவு தொட்டிக்கு அருகில் தைலச் சீசா ஏதாவது கொட்டியிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு எண்ணைக் கூப்பிட்டாள். பூஜ்யம், ஐந்து, நாலு, இரண்டு.

"நீங்கள் அழுத்திய எண் தவறானது."

மறுபடி. நிதானமாக.

"நீங்கள் அழுத்திய எண் தவறானது. உதவியாளரோடு பேச, பூஜ்யத்தை அழுத்தவும்."

அழுத்தினாள். வந்த உதவியாளர் வயசான பெண்மணி. பேர் வாண்டா என்றாள். விசைப்பலகை சத்தத்துக்கு நடுவே எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"சொல்லு கண்ணு."

செத்துப்போன புருஷனைப் பற்றி போன் வந்ததையும், ரகசிய எண் வேலை செய்யாததையும் நடீன் சொன்னாள்.

"ஓ, அதுவா. பயப்படாத. வெள்ளிக்கிழமை எல்லா ரெக்கார்டையும் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்தினாங்க. செத்தவங்களை எல்லாம் விடுதலைன்னு காட்டுது. நேத்துலருந்து நாப்பது பேரு கூப்பிட்டு அழுதாச்சு. செத்தவன விடுதலை பண்ணுவாங்களா? உங்க ஊரு ஜெயில்ல உயிரோட இருக்கறவனையே வுட மாட்டாங்க."

நடீனுக்குச் சிரிப்பு வந்தது. உடம்பிலிருந்து ஏதோ இறங்கிப் போயிற்று.

"அப்ப என் நம்பர் ஏன் எடுக்க மாட்டேங்குது, மிஸ் வாண்டா?"

"நீதானேம்மா மாத்தின."

"நான் மாத்தல."

"இன்னிக்கு நாலு பதினொண்ணுக்கு உனக்கு கால் போயிருக்கு. எடுத்திருக்க. பழைய நம்பர சரியா போட்டிருக்க. அப்புறம் புது நம்பர் வெச்சிருக்க." மெல்லுவது நின்றது. "ஆறு நிமிஷம் லைன்ல இருந்திருக்கியே கண்ணு. எல்லாரும் பதினஞ்சு செகண்டுல வெச்சிருவாங்க."

"மிஸ் வாண்டா, நான் கீழ துணி மடிச்சிட்டிருந்தேன். போனை நான் எடுக்கவே இல்ல."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

நடீன் பின்கதவின் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொரு பேரையும் பதிவுல சேத்திருக்க. இவரைப் பத்தியும் தகவல் சொல்லுங்கன்னு. அது யாரு பேருன்னு எனக்குக் காட்டாது, புது நம்பர் போட்டாத்தான் தெரியும்." வாண்டாவின் குரல் தாழ்ந்தது. "நீ போனை வெச்சிட்டு ஷெரிஃப் ஆபீஸைக் கூப்பிடு. இப்பவே."

கூப்பிட்டாள். எடுத்தது டெல்பர்ட். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தவன். இப்போது இந்தப் பக்கத்துக்கு அவன்தான் போலீஸ்.

"செத்தவன புடிக்க என்கிட்ட வாரண்ட் கிடையாது நடீன்."

"விளையாடாத டெல்பர்ட்."

"சரி, சரி. இங்க பாரு, அவன் போயிட்டான். சவப்பெட்டியத் தூக்க ஆறாவது ஆள் கிடைக்காம நான்தான் ஒரு பக்கம் புடிச்சேன். சும்மா சொல்லக்கூடாது, கனமாத்தான் இருந்தான். எவனோ திருட்டுப் பய உள்ள பூந்திருப்பான். நீ வெளிய வந்து காருக்குள்ள உக்காந்து பூட்டிக்கோ. ரோடு கண்ணாடி மாதிரி வழுக்குது, இருபது நிமிஷம் ஆகும். பாலத்துல மாட்டிக்கிட்டேன்னா போன் பண்றேன்."

போனை வைத்தாள். திருட்டுப் பயல். அந்த வார்த்தை நன்றாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கோட்டை எடுக்கப் போனாள்.

திருடனுக்கு அந்த நாலு இலக்கம் எப்படித் தெரியும்?

கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி நின்றாள். யாருக்கும் தெரியாத எண். யாரிடமும் சொல்லாத எண். அது இந்த உலகத்தில் வெளியே வந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அந்தச் சுவரில். தினமும் சாயங்காலம், சுவரைப் பார்த்து நின்று, ஒவ்வொரு பொத்தானாக அவள் அழுத்தும்போது. பிப்ரவரியிலிருந்து அந்த நேரத்தில் மட்டும் பின்கழுத்தில் ஒரு குளிர் வந்து படியும். கதவிடுக்குக் காற்று என்று நினைத்து, பழைய துண்டைச் சுருட்டி அடைத்திருந்தாள். குளிர் போகவில்லை.

காற்று இல்லை அது.

அவளுக்குப் பின்னால் நின்றிருக்கிறான். அவன் செத்துவிட்டான் என்று குரல் சொல்லச் சொல்ல, அவள் நிம்மதியாகத் தலையாட்டிக் கேட்கக் கேட்க, தோளுக்கு மேலாக எட்டி, அவள் விரலைப் பார்த்துக்கொண்டு. ஒன்பது மாதம். ஒரு நாள்கூடத் தவறாமல்.

ஓடினாள். முன்வாசல். உள்கதவின் தாழ்ப்பாள் விலகியது. திறந்தது. அதற்கு வெளியே இருந்த கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. மழை அதன் விளிம்பு முழுக்க உறைந்து, கதவையும் நிலையையும் ஒட்ட வைத்திருந்தது. தோளால் இடித்தாள். பனிக்கட்டி கிறீச்சிட்டது. ஒரு கீறல். மறுபடி இடித்தாள். கண்ணாடிக்கு அப்பால் பத்தடியில் அவள் கார், பனியில் மின்னிக்கொண்டு.

போன் அடித்தது.

டெல்பர்ட். பாலத்தில் மாட்டிக்கொண்டான். அவன் வரப்போவதில்லையென்றால் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். பின்கதவும் இப்படித்தான் உறைந்திருக்கும், ஜன்னலை உடைக்க வேண்டும், பக்கத்து வீடு அரை மைல், பனியில் நடந்தாவது போக வேண்டும்.

அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

சமையலறை விளக்கைப் போட்டாள். யாரும் இல்லை. நாற்காலிகள் நாலும் மேஜைக்கடியில். தைல வாசனை மட்டும் கெட்டியாக, நாக்கில் ஒட்டும்படி.

எடுத்தாள். "டெல்பர்ட்?"

"வணக்கம்." அந்தப் பெண் குரல். நாலு வருஷமாக அவளைத் தூங்க வைத்த அதே கனிவு. "நீங்கள் பதிவு செய்துள்ள நபரின் நிலையில் மாற்றம் ஏற்பட்டுள்ளது."

வைத்துவிட நினைத்தாள். கை கேட்கவில்லை.

"நபரின் பெயர், நடீன் டாக்கெட்."

வெளியே மழை நின்றிருந்தது. கூரையில் சத்தமே இல்லை.

"அவர் இப்போது காவலில் இருக்கிறார். இந்தத் தகவலைப் பெற்றுக்கொண்டதை உறுதி செய்ய, உங்கள் ரகசிய எண்ணை அழுத்தவும்."

அவளுக்கு அந்த எண் தெரியாது. ரிசீவரைக் காதோடு பிடித்தபடி, சுவரைப் பார்த்து, தினமும் நிற்கும் அதே இடத்தில் நின்றாள்.

முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில், ஏழாம் எண் பொத்தான் உள்ளே போனது. வெளியே வந்தது. காதில் ஒரு பீப்.

யாரும் தொடவில்லை.

ஒன்று. உள்ளே. வெளியே. பீப்.

பின்கழுத்தில் குளிர். இடது தோளில் ஒரு கனம். அங்கிருந்துதான் கை நீள முடியும்.

மறுபடி ஒன்று. பீப்.

மூன்று. பீப்.

"நன்றி" என்றது குரல். "உங்கள் உறுதி பெறப்பட்டது. இனி நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்."

தொடர்பு அறுந்தது. ரிசீவரில் வெறும் இரைச்சல். நடீன் அசையவில்லை, திரும்பவில்லை, மூச்சுவிடவில்லை. கண் மட்டும் பொத்தான்கள் மேல் இருந்தது. ஏழு வெளியே வந்திருந்தது. ஒன்று வெளியே வந்திருந்தது.

மூன்று வரவில்லை. உள்ளே அழுந்தியபடியே இருந்தது.