உபயம்: இருநூற்று முப்பது பேர்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலப்பன் தன் அக்காவை எடைமேடையில் ஏற்றி நிறுத்தினான். வந்த எடையைக் குமிழி வாசலில் தொங்கிய பலகையில் எழுதினான். ஐம்பத்தொரு கிலோ நானூறு. போன வாரத்தைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இருவர் நின்று பார்த்தார்கள்.

"பரவால்லயே, நல்லா எறங்குதே" என்றார் ஒருவர்.

"இப்படியே போவட்டும் தாயி" என்று வாழ்த்திவிட்டு நகர்ந்தார் மற்றவர்.

செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குமிழிக் குடியிருப்பில் ஒருத்தி இளைப்பது நல்ல செய்தியானதற்குக் காரணம் கப்பல். இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை அது பூமிக்குப் போகும். அதில் எதை ஏற்றவும் காசு செல்லாது, ஏறுநிறை என்னும் எடைப்பங்குதான் செல்லும். ஆளுக்கு, ஒரு கப்பலுக்கு, இருநூற்றைம்பது கிராம் ஏறுநிறை. அதை விற்கக் கூடாது. விரும்பினால் பிறருக்குத் தரலாம். பெரும்பாலோர் பூமியிலுள்ள சொந்தக்காரர்களுக்குச் சிவப்பாக ஒரு கூழாங்கல் அனுப்புவார்கள். சொந்தக்காரர்கள் அதை வாங்கிப் பார்த்து, ஆகா என்று சொல்லி, பரணில் போடுவார்கள்.

அக்கா மங்கையர்க்கரசிக்கு இடுப்பெலும்பில் புற்று. அதைக் கரைக்கும் கதிர்ப்பொறி ஒரு தெரு நீளம் இருக்கும். அது பூமியில் மட்டுமே இருந்தது. கப்பலின் உறைதூக்கத்தில் ஆளோடு கட்டியும் தூங்கிவிடும் என்பதால் ஏழு மாதப் பயணம் சிக்கலில்லை. ஏறுவதுதான் சிக்கல். இருக்கை கப்பலுடையது, உடம்பு நோயாளியுடையது. உடம்பு எத்தனை கிலோவோ அத்தனை கிலோ ஏறுநிறை கட்ட வேண்டும். கப்பலுக்கு இன்னும் பதினொரு வாரம் இருந்தது. அக்காவும் தம்பியும் தங்கள் பங்கைச் சேர்த்தபோது அரைக் கிலோ ஆயிற்று.

வேலப்பன் தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவன். எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம். குழாயை முடுக்கி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மெல்லக் கேட்பான்.

"ஒங்க அக்காள நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு" என்றாள் சோறு தின்றுகொண்டிருந்த ஒருத்தி. "ஆனா பாரு, எம் மச்சினி மவளுக்குக் காதுகுத்து. கல்லு அனுப்பலன்னா பேசிப்புடுவா. ஒரு இருவது கிராம் எழுதிக்கோ."

இன்னொருவர் ஐந்து கிராம் கொடுத்துவிட்டு ரசீது கேட்டார்.

ஆறு வாரத்தில் ஒன்பது கிலோ சேர்ந்தது. நலச் சங்கத் தலைவர் ஞானதிரவியம் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏல வேலப்பா, நீ கேக்க வெதம் சரியில்லடே. குடுத்தவன் பேரு எங்க இருக்கு?"

"என் நோட்டுல இருக்கு அண்ணாச்சி."

"ஒன் நோட்ட எவன் பாப்பான்? ஒரு தகடு அடிப்போம். எழும்பின எழுத்து. மேல 'உபயம்'னு போட்டு, கீழ வரிசையா பேரு. ஒங்க அக்காகூடவே போவும், ஆஸ்பத்திரி வாசல்ல மாட்டுவான். பூமிக்காரன் பூராவும் பாப்பாம்லா? பெறவு பாரு."

பிறகு பார்த்தான். மூன்றே வாரத்தில் இருநூற்று முப்பது பேர். இருபது கிராம் தந்தவள் கூழாங்கல்லை வாசலில் வீசிவிட்டு மீதியையும் தந்தாள். தன் பெயருக்கு முன்னால் 'திருமதி' வருமா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மொத்தம் நாற்பத்தாறு கிலோ இருநூறு. அந்தத் திங்கட்கிழமை அக்காவின் எடையும் சரியாக அதுவே. வேலப்பன் பலகையின் முன்னால் நின்று அழுதான். கப்பலுக்கு இரண்டு வாரம் இருந்தது.

மறுநாள் தகடு வந்தது. அழகாக இருந்தது. இரண்டு கிலோ இருநூறு.

"அண்ணாச்சி, தகட்ட அடுத்த கப்பல்ல அனுப்பிக்கிடலாமே?"

"வெவரங்கெட்டவனா இருக்கியே. தகடு போவலன்னா அம்புட்டுப் பேரும் திருப்பிக் கேப்பான்டே. ரெண்டு கிலோதான, யார்ட்டயாவது வாங்கிரு."

வாங்க முடியவில்லை. புதிதாகத் தர முன்வந்தவர்கள், தகட்டில் இனிப் பெயர் சேர்க்க இடமில்லை என்றதும் உண்மையான வருத்தத்துடன் திரும்பிப் போனார்கள். வேலப்பன் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான்காம் குமிழியில் சொல்லாமலே எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டிலேயே குழாய் அடைத்துக்கொண்டது. சன்னலோரப் பாசித் தொட்டிக்குப் போகும் குழாய். ஒவ்வொரு வீட்டிலும் மூச்சுக்காற்றுக்காக ஒரு பாசித் தொட்டி உண்டு. இவர்கள் வீட்டுப் பாசி மட்டும் சில நாளாகக் கரும்பச்சையாகக் கொழுத்திருந்தது. வேலப்பன் குழாயைக் கழற்றிக் கம்பியை விட்டான். சோற்றுப் பருக்கைகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன.

அவன் எழுந்து அக்காவின் படுக்கையருகே போனான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நாங் காச்சுன கஞ்சியெல்லாம் இதுலயா ஊத்துன?"

"ஒரு தம்ளர் கஞ்சி எரநூறு கிராம்லே" என்றாள் மங்கையர்க்கரசி. "அத எவ வீட்ல போயிக் கேப்ப? நீ பல்லக் காட்டிக்கிட்டு நின்னதெல்லாம் போதும். இன்னும் அறநூறு கிராம்தான. எறங்கிரும்."

"செத்துப் போவியேக்கா."

"போட்டி போட்டுட்டுத் திங்கப் போறேன் பாரு, பூமில. இட்டிலியா அடுக்கச் சொல்லுவேன். ஆனா திரும்பி வரும்போ எங் கன்னத்தக் கிள்ளப்படாது, சொல்லிட்டேன்."

அவன் மடியில் தலையை வைத்துக் கஞ்சி புகட்டப் பார்த்தான். அவள் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். சிறுவயதில் மருந்துக்கு அவன் அப்படிக் கடிப்பான்; அவள்தான் மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். அவனுக்கு அக்காவின் மூக்கைப் பிடிக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை பலகையில் நாற்பத்துநான்கு கிலோ என்று எழுதினான். தகட்டோடு சேர்த்து நாற்பத்தாறு இருநூறு. கணக்குத் தீர்ந்தது. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள். மங்கையர்க்கரசி எல்லாருக்கும் கும்பிடு போட்டாள். கையை இறக்க அவளுக்குத் தெம்பில்லை, வேலப்பன் இறக்கிவிட்டான்.

புதன்கிழமை மத்தியானம் அவள் இறந்தாள். கப்பல் வியாழக்கிழமை.

"கட்டி ஒண்ணும் பெருசா வளரல" என்றார் மருத்துவர், அவன் முகத்தைப் பாராமல். "ஒடம்புக்குள்ளதான் ஒண்ணுமில்ல."

விதிப்படி நோயாளிக்கான நாற்பத்துநான்கு கிலோ அன்று மாலையே தந்தவர்களின் கணக்குகளுக்குத் திரும்பியது. துட்டி விசாரிக்க வந்தவர்களில் பலர் போகும் வழியில் நல்லதாக ஒரு கல் பொறுக்கிக்கொண்டார்கள். தகடு மட்டும் ஏற்கெனவே முத்திரையிட்டுக் கப்பலில் ஏற்றப்பட்டிருந்தது.

வேலப்பன் ஞானதிரவியத்தின் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"அண்ணாச்சி, தகட்டுக்கு வேண்டிய ரெண்டு கிலோவ வேற யாருமே குடுக்கல. அக்காதான் குடுத்தா. அதுல அவ பேரு வரணும்."

ஞானதிரவியத்தின் கண்கள் கலங்கின. அவர் கெட்டவரல்ல, இரண்டு நாளாகச் சாப்பிடவுமில்லை.

"எனக்கும் மனசு கேக்கலடே. ஆனா எளைச்சத எப்படி நன்கொடைன்னு எழுத? அதுலயும் வீட்டாளு குடுக்கது கடமைல்லா. உபயத்துல வராதுப்பா."

தகடு வருகிறது என்று சங்கம் பூமிக்குச் செய்தி அனுப்பியது. எங்கே மாட்ட வேண்டும், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் வெளிச்சம் விழ வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. நோயாளி வரவில்லை என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஏழு மாதம் கழித்துக் கப்பல் இறங்கியபோது மருத்துவமனை ஊழியர் இருவர் சக்கரப் படுக்கையோடு காத்திருந்தார்கள். வேறு எதுவும் வராததால் தகட்டை அதன்மேல் கிடத்தி, போர்த்தி, உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அனுமதிக் கூடத்துப் பதிவுப்பொறி போர்வையை விலக்கி இருநூற்று முப்பது பெயர்களையும் இரண்டு முறை படித்தது.

"இவர்களுள் நோயாளி யார்?" என்று கேட்டது.

ஊழியர்கள் ஒருவரையொருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். படுக்கை அட்டையை வெறுமையாக விட அந்தப் பொறிக்கு அனுமதியில்லை. இருப்பதை வைத்து நிரப்பியது.

நோயாளி: ஞானதிரவியம் முதலிய இருநூற்று முப்பது பேர்.

நோய்: உபயம்.