தயவுசெய்து நொண்டவும்!

போன் அலறியது.

மூக்கன் எடுக்கவில்லை. அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்து, சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி எடுத்தாள். கேட்டாள். முகம் வெளுத்தது.

"ஏங்க... போலீஸாம்!"

"எதுக்காம்?"

"வக்கீல் செத்துட்டாராம்... அவர் ஆபீஸ்லயே! யாரோ அடிச்சுப் போட்டுட்டாங்களாம். உங்களை உடனே வரச் சொல்றாங்க!"

மூக்கன் ஒரு கணம் நின்றான். பிறகு சுவரோரம் சாத்தியிருந்த கக்கத்துக் கட்டையை எடுத்தான். வலது காலை மடக்கினான். முகத்தில் வலியைக் கொண்டுவந்தான்.

இரண்டு வருஷப் பழக்கம். சாவுச் செய்தி கேட்டாலும் முதலில் நொண்டத்தான் வருகிறது!

வக்கீல் ஆபீஸ் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மூக்கன் ஒவ்வொரு படியிலும் கட்டையை ஊன்றி, முனகி, மூச்சு வாங்கி ஏறினான். மனைவி பின்னாலேயே வந்தாள். மாடித் திருப்பத்தில் இன்ஸ்பெக்டர் கையை நீட்டித் தடுத்தார். பெரிய தொந்தி. அதைவிடப் பெரிய மீசை. தொப்பி மட்டும் காது வரை இறங்கியிருந்தது.

"நீ இங்கேயே நில்லும்மா. பொம்பளைங்க பாக்குற மாதிரி இல்ல."

மூக்கன் மட்டும் உள்ளே போனான்.

ஜன்னல்கள் மூடியிருந்தன. மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் வக்கீல் குப்புறக் கிடந்தார். கறுப்புக் கோட்டு முதுகில் சுருண்டிருந்தது. தலையைச் சுற்றிச் சிவப்பாய்க் குளம்...

பக்கத்தில் ஒரு கக்கத்துக் கட்டை. அதன் முனையிலும் சிவப்பு!

"கிட்ட போகாதே!" என்றார் இன்ஸ்பெக்டர். "தடயம் அழிஞ்சிடும்."

மூலையில் ஓர் ஒல்லி போட்டோகிராபர் கேமராவோடு நின்றுகொண்டிருந்தான். அவன் பிணத்தைப் பார்க்கவில்லை. மூக்கனின் முகத்தையே பார்த்தான்.

"இந்தக் கட்டை யாருது?"

"வ... வக்கீலோடது சார்."

"வக்கீலுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருந்துச்சு? அவருக்கு எதுக்குய்யா கட்டை?"

மூக்கன் எச்சில் விழுங்கினான்.

எப்படிச் சொல்வான்? அது அவன் நொண்டப் பழகிய கட்டை!

இரண்டு வருஷத்துக்கு முன் சிக்னலில் நிற்காமல் வந்த ஒரு கார், மூக்கனையும் அவன் சைக்கிளையும் தூக்கி எறிந்தது. முழங்கால் உடைந்தது. கூடிவிட்டது. மண்டை கிழிந்தது. தையலும் ஆறிவிட்டது. ஒன்று மட்டும் திரும்பவில்லை.

வாசனை.

பூவா, பினாயிலா... எதுவும் தெரியாது. மொத்தமாய்ப் போய்விட்டது.

வேறு எவனுக்காவது போயிருந்தால் பரவாயில்லை. மூக்கன் காப்பிக்கொட்டை வறுக்கிறவன். டிரம் சுழலும்போது பத்தடி தள்ளி நின்று, "இப்ப கொட்டு!" என்பான். அவன் சொன்ன நொடிதான் பக்குவம். அதனால்தான் அந்தப் பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய முதல் நாள் ஒரு டிரம் கொட்டையைக் கரியாக்கினான். இரண்டாவது நாளும் கரி. முதலாளி மூன்றாவது நாளை அவனுக்குத் தரவில்லை.

நஷ்ட ஈடு கேட்டு வக்கீலிடம் வந்தபோது அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"மோப்பம் போச்சா? அதை ஜட்ஜுக்கு எப்படிடா காட்டுவே? மூக்கு இருந்த இடத்துலதானே இருக்கு! காலைக் கேளு. காலுக்கு ரேட் இருக்கு. நொண்டு!"

நொண்டினான். இந்த அறையில்தான், இந்தக் கட்டையோடுதான். வக்கீல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு திருத்தம் சொல்வார். "பல்லைக் கடி... இன்னும் கொஞ்சம் முக்கு... ரொம்ப முக்காதேடா, பிரசவம் மாதிரி இருக்கு!"

"என்னய்யா யோசனை?" இன்ஸ்பெக்டர் உறுமினார். "நேத்து இங்க வந்து கத்தினியாமே?"

"கேஸை இழுத்துக்கிட்டே போறாரேன்னு..."

"'உன்னை ஒரு வழி பண்றேன்'னு சொன்னியா இல்லையா?"

"கோவத்துல சொன்னேன் சார்!"

"கோவத்துலதான் கொலையும் பண்ணுவாங்க. காலையில விடிஞ்ச கையோட யாரோ வந்து இவரைப் போட்டிருக்காங்க. அப்ப நீ எங்க இருந்தே?"

"வீட்ல சார். இந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போறது?"

"உன் பக்கத்து வீட்டுல விசாரிச்சாச்சு. இருட்டோட கிளம்பிட்டியாம்!"

மூக்கனுக்கு முதுகில் வியர்வை இறங்கியது.

விடிகாலையில் அவன் இருந்தது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவனை யாருக்கும் தெரியாத தெருக்கள். அங்கே ஒரு பேக்கரி. அவர்கள் தந்த சைக்கிளில், பின்னால் பெட்டி கட்டி, கடை கடையாய் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்து ரயில் பாதை வரை நொண்டுவான். தாண்டியதும் கட்டையைப் பேக்கரிச் சந்தில் சாத்திவிட்டு மிதிப்பான்!

சொன்னால் கேஸ் செத்தது.

சொல்லாவிட்டால்...

"கட்டை பூரா உன் கைரேகைதான் இருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். இடுப்பிலிருந்த விலங்கு கிணுகிணுத்தது.

"சார்... என் சம்சாரத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

"சீக்கிரம் பேசு. ஓடிடலாம்னு நினைக்காதே... ஓ, உன்னாலதான் ஓட முடியாதே!"

மாடித் திருப்பத்தில் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை. சலவைச் சோடாவில் ஊறி ஊறி விரல்கள் வெந்து போயிருந்தன.

"என்மேல கொலைக் கேஸ் போடறாங்க" என்றான் மூக்கன்.

"நீங்க ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? அடுத்த மாசம் தீர்ப்பு!"

"இருக்கட்டும்."

"வர்ற பணத்துல சொந்தமா ஒரு டிரம் வாங்கணும், நான் சொல்லச் சொல்ல நீ மோந்து பாத்துக் கொட்டணும்னு பேசி வச்சோமே... ரெண்டு வருஷமா நீ கண்டவங்க துணியைத் துவைச்சு எனக்குச் சோறு போட்டது இதுக்குத்தானே?"

"நீங்க ஜெயில்ல இருந்தா டிரம்மை நான் தலையில கவுத்துக்கறதா?" அவள் குரல் உடையவில்லை. "ரெண்டு வருஷமா நொண்டினது போதும். என்கூட நடந்து வந்தே எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா? போய்ச் சொல்லுங்க."

மூக்கன் மேலே ஏறினான். சொன்னான்.

இன்ஸ்பெக்டர் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"நொண்டி சைக்கிள் ஓட்டினானாம்! ரொட்டி வேற போட்டானாம்! கதை விட ஒரு அளவு வேண்டாமாய்யா?"

"நான் நொண்டி இல்ல சார்!"

"என்னது?"

"நொண்டி இல்ல! நடிச்சேன்! காலு எப்பவோ சரியாயிடுச்சு!"

கட்டையைத் தூக்கி எறிந்தான். அது பீரோவில் மோதி விழுந்தது.

இன்ஸ்பெக்டரும் போட்டோகிராபரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கீழ வாட்ச்மேன் சைக்கிள் நிக்குது" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "ஓட்டிக் காட்டு."

மூக்கன் மூன்று மாடியையும் தடதடவென்று இறங்கினான். கட்டிட முற்றத்தில் வாட்ச்மேனின் துருப்பிடித்த சைக்கிள். ஸ்டாண்டைத் தட்டினான். ஓடி ஏறினான்.

மிதித்தான்!

முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம். இன்னொரு வட்டம். பெடலில் எழுந்து நின்று ஒரு வட்டம். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. பட்டப்பகலில், எல்லார் கண் முன்னாலும் அவன் சைக்கிள் ஓட்டி இரண்டு வருஷமாகிறது. சிரிப்பு வந்தது.

"நம்புறீங்களா சார்? கையை விட்டுட்டு ஓட்டவா?"

"ஓட்டுங்க, ஓட்டுங்க!" போட்டோகிராபர் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. "முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்புங்க... அருமை!"

வாக்குமூலத்தை மறுபடி மேலே போய்த்தான் எழுத வேண்டுமாம். மூக்கன் இரண்டு இரண்டு படியாய்த் தாவி ஏறினான். கேமரா பின்னாலேயே ஏறியது. இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதினான்.

'விபத்தால் எனக்கு இப்போது உடம்பில் எந்தக் குறையும் இல்லை. நஷ்ட ஈட்டு மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.'

"கொலைக்கும் மனுவுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"பொய் மனு நிலுவையில இருந்தா உன் ரொட்டிக் கதையை எவன் நம்புவான்? போடு கையெழுத்தை!"

போட்டான்.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. இப்போது யாரும் தடுக்காததால் மேலேயே வந்துவிட்ட மனைவி! பிணத்தைப் பார்த்ததும் நின்றாள். கண்ணை மூடவில்லை. மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க..."

"என்னம்மா?"

"இங்க என்ன... சாஸ் வாடை?"

"என்னது?"

"தக்காளி சாஸ்ங்க! புளிச்ச வாடை குப்புன்னு அடிக்குதே! நான் தினம் ரத்தத் துணியில கையை விடறவ. இது ரத்தமே இல்ல!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு...

பிணம் தும்மியது!

"அப்பாடா!" என்று எழுந்து உட்கார்ந்தார் வக்கீல். பிடரியிலிருந்து சாஸ் வழிந்தது. "இடுப்பே விட்டுப் போச்சுய்யா. நல்லவேளை, நீங்க கீழ போனப்ப எழுந்து ஒரு டீ குடிச்சேன்!"

மூக்கன் சுவரைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை கால் நிஜமாகவே ஆடியது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "நாடகக் கம்பெனி தம்பி. இன்ஸ்பெக்டர் வேஷம்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. தொப்பிதான் எப்பவும் சரியா அமையறதில்ல."

"அப்ப... இவரு?"

போட்டோகிராபர் வணக்கம் சொன்னான். "கார்க்காரரோட இன்ஷூரன்ஸ் கம்பெனி. விசாரணை அதிகாரி. மாசக்கணக்கா உங்க பின்னாடி அலைஞ்சு செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். ரயில் பாதை வரைக்கும் அவ்வளவு அழகா நொண்டறீங்க. அதுக்கப்புறம் எந்தச் சந்துல மறையறீங்கன்னே தெரியல. அதான், நீங்களே ஓட்டிக் காட்டட்டுமேன்னு..."

மூக்கன் வக்கீலைப் பார்த்தான்.

"நீங்களா சார்?"

"டேய், நீ ஜெயிச்சா எனக்குக் கால் பங்கு. நீ தோத்தா இவங்க தர்றது அதைவிட ஜாஸ்தி. நான் வக்கீலுக்குத்தான் படிச்சேன், தியாகிக்குப் படிக்கல."

"போலீஸுக்குப் போவோம்ங்க!" மனைவி கத்தினாள். "நிஜப் போலீஸுக்கு!"

"தாராளமா போங்கம்மா" என்றான் அதிகாரி. "போலி இன்ஸ்பெக்டரைப் பத்திச் சொல்லுங்க. போலி நொண்டி யாருன்னும் கேப்பாங்க. பதில் சொல்லுங்க."

அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி கேமராவைப் பைக்குள் வைத்தான். ஜிப்பை இழுத்தான். பாதியில் நிறுத்தினான்.

"ஒண்ணு சொல்லட்டுமா? எனக்குப் பயமே இந்த சாஸ்தான். நீங்க வாசல்லயே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். பெயிண்ட் வாங்கலாம்னேன். வக்கீல்தான் 'எதுவா இருந்தா என்ன, அவனுக்கு மோப்பமே கிடையாது'ன்னார். நான் நம்பல. ஆனா நீங்க அசையாம நின்னீங்க பாருங்க... நாங்க ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம்!"

"அதுக்கு?"

"மூக்குக்குக் கேட்டிருக்கலாமே! அதுக்கெல்லாம் டெஸ்ட் இருக்கு. மூக்கை வச்சுப் பொழைக்கிறவனுக்கு மூக்குப் போச்சுன்னா, எங்க கம்பெனி கோர்ட்டுக்கே வராது. வாசல்லயே பேசி முடிச்சிருப்போம். காலுக்குக் கேட்டதைவிட ஜாஸ்தியே கிடைச்சிருக்கும்."

மூக்கன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"இப்ப... கேட்டா?"

அதிகாரி மேஜையிலிருந்த வாக்குமூலத்தை எடுத்து மடித்தான்.

"'உடம்பில் எந்தக் குறையும் இல்லை'ன்னு இப்பதானே எழுதிக் குடுத்தீங்க? மூக்கும் உடம்புலதான் சேரும்."

வக்கீல் கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார். சங்கடம் போலிருந்தது. தொண்டையைக் கனைத்தார்.

"மூக்கா... என்னடா அப்படிப் பாக்கறே? மனசுல இருக்கறதைத் திட்டிடு. ஆறிடும்."

மூக்கன் மனைவியின் தோளில் கை போட்டான். அவள் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளை மெல்ல வாசல் பக்கம் திருப்பினான். இரண்டு காலாலும் நன்றாக நடந்தான். நிலைப்படியில் நின்று மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"திட்ட என்ன சார் இருக்கு? உங்க மூணு பேர் பக்கத்துல இவ்வளவு நேரம் நின்னும் எனக்குக் குமட்டல... அந்தக் கார்க்காரன் எனக்குப் பண்ண ஒரே நல்ல காரியம் அதுதான்!"