பாக்கெட்டில் சிங்கப்பூர்

"ரயில் நிற்கலாம். கரண்ட் போகலாம். கொழும்பே தூங்கலாம்... ஆனால் தனுஷன் ஏற்றிய வெப்சைட் விழாது!"

காலை எட்டே முக்காலுக்கு ஃபேஸ்புக்கில் இப்படி எழுதிவிட்டு, இரண்டு தடவை வாசித்துப் பார்த்தான் தனுஷன். ஒரு எழுத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒற்றை அறை. அதற்குள் ஒரு லேப்டாப், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், மலையகத்தின் தொழில்நுட்ப எதிர்காலம்.

எட்டு ஐம்பதுக்குப் போன் அலறியது.

"தம்பி... செத்துப் போச்சு!"

டிக்கோயா சர்மிளாவின் குரல்.

"ஐயோ! யாரு அக்கா?"

"என் வெப்சைட்டு!"

நீர்த்தேக்கத்தைப் பார்த்தாற்போல நாலு அறையோடு ஒரு விடுதி அவளுடையது. சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் தங்குவதற்காகப் போன மாதம்தான் திறந்திருந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு கொழும்பு டூர் கம்பெனிக்காரங்க சைட்ட பாக்கப் போறாங்க. புடிச்சா சீசன் முழுக்க ஆள் அனுப்புவாங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்குவாங்க. தொறந்தா வெள்ளையா கெடக்குது தம்பி... பொணத்து மேல போத்துன மாதிரி!"

"பதறாதீங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

பார்த்தான்.

வெப்சைட் இருந்த கணக்கைத் திறந்தால் திரையில் ஒரே ஒரு வரி. 'இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது.'

கொலைகாரன் யாரென்று அவனுக்குத் தெரியும்.

காலையில் ஷேவ் பண்ணும்போதுதான் கண்ணாடியில் பார்த்திருந்தான்!

இரண்டு மாதத்துக்கு முன் சர்மிளா ஒரு கொப்பியோடு படியேறி வந்திருந்தாள். பத்து வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்தவள். விடிந்ததும் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வரவு பதிந்தவள். கொப்பியில் மூன்று ஹோஸ்டிங் கம்பெனிகளின் பெயர்கள். பௌர்ணமிப் போயா விடுமுறையில் ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, அடைமழை மாலையில் ஒரு தடவை என்று மூன்றுக்கும் போன் போட்டிருந்தாள். உடனே எடுத்தால், தோட்டத்தில் முழுநாள் கூலிக்குப் பதிவதுபோல முழுப் பேர். தாமதமாக எடுத்தால் அரைநாள் கூலிக்கான அரைப் பேர். எடுக்காவிட்டால் கோடு.

"வெப்சைட்டு குடியிருக்கப் போற எடம் தம்பி. நான் கூப்பிடுறப்போ அங்க ஆள் இருக்கணும்ல? ரெண்டாவது கம்பெனிக்காரன் போயாவுக்கும் எடுத்தான்."

"ஹோஸ்டிங் கம்பெனிக்குப் பெரட்டாக்கா? கொழுந்து நிறுக்கத் தராசும் கொண்டு போறீங்களா?"

அன்றே அதை ஃபேஸ்புக்கில் போட்டான். நாற்பத்து மூன்று பேர் சிரித்தார்கள்.

பிறகு பெரிய மனது பண்ணி, "ஹில் ஸ்டார் ஹோஸ்ட்... சிங்கப்பூர் கம்பெனி. கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்றான்.

சிங்கப்பூர் கம்பெனி என்பது அவனுடைய வலது பாக்கெட்டில் கிடந்த பழைய போன். வெளிநாட்டில் மலிவாக ஒரே ஒரு கணக்கை எடுத்து, அதற்குள் முப்பத்தொரு வெப்சைட்டுகளைத் திணித்திருந்தான். நேற்று அதில் ஒரு டியூஷன்காரர் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாளைப் போட்டார். தலவாக்கலை முதல் கந்தப்பளை வரை பெற்றோர் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே இறங்க... கணக்கைக் கொடுத்தவன் கதவையே இழுத்துப் பூட்டிவிட்டான்!

பாதுகாப்புக்கு எடுத்து வைத்த பிரதிகள்?

அதே கதவுக்குள்.

படியில் காலடிச் சத்தம். கீழே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஃபாஸில் மூச்சிரைக்க நின்றான்.

"மச்சான்... சர்மிளாக்கா வர்றாங்க. கையில கொட."

"அதுக்கென்ன?"

"மழ இல்லடா!"

சொல்லிவிட்டு மறைந்தான். சர்மிளா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"யாரு தம்பி கொன்னது?"

"சிங்கப்பூர்ல ஏதோ கோளாறுக்கா. அவங்க டெக்னிக்கல் டீம் இறங்கியிருக்கு..."

"எத்தன பேரு?"

"ஒரு... பன்னெண்டு பேரு."

"நல்லது. ஒருத்தராவது எடுப்பாங்கல்ல? உள்ளூர் நம்பர்னு நீங்க ஒண்ணு குடுத்தீங்களே..."

"வேணாங்க்கா! அவங்க பிஸி..."

அழுத்திவிட்டாள்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

க்ர்ர்ர்ர்ர்!

பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்ந்து தனுஷனின் தொடை அதிர்ந்தது. இருமினான். நாற்காலியை இழுத்துச் சத்தம் போட்டான். அது நிற்கவில்லை.

சர்மிளா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பாக்கெட்டைப் பார்த்தாள்.

"சிங்கப்பூர் கூப்பிடுது. எடு தம்பி."

அதுவரை 'நீங்க' என்றவள். அந்த ஒரு 'எடு' குடையால் அடித்ததைவிட வலித்தது. தரையில் ஓர் எறும்பு போனது. அதன் முகத்தைப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"எத்தன சைட்டு இதுக்குள்ள?"

"முப்பத்தொண்ணு..."

"தோட்டத்து லயத்துல ஒத்த அறைக் காம்பராவுல முப்பத்தொரு குடும்பமா! அந்தக் கொடுமைய விட்டுட்டு வரத்தானே நாங்க இம்புட்டு பாடு படுறோம். நீ கம்ப்யூட்டருக்குள்ளயும் லயம் கட்டிட்டியா?"

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"என் சைட்டு மிச்சம் ஏதாச்சும் இருக்கா?"

"உங்களோடது புதுசு... லேப்டாப்ல ஒரு பிரதி கெடக்குதுக்கா."

"வெப்சைட்டுப் பேர என் பேர்லதான் பதியணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். அதுக்கும் சிரிச்ச. அது இப்ப என் கையில இருக்கு." கொப்பியைத் திறந்தாள். "ரெண்டாவது கம்பெனி. கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். கணக்குத் திறந்தது. தனுஷன் ஏற்றினான். அவள் தன் போனில் வெப்சைட்டுப் பேர் போய்ச் சேரும் முகவரியைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினாள். பத்தரை... பதினொன்று... பதினொன்றே முக்கால்... வெள்ளைத் திரை!

பதினொன்று ஐம்பத்து நாலுக்கு நீர்த்தேக்கம் தெரிந்தது. அப்புறம் நாலு அறைகளும் தெரிந்தன.

பன்னிரண்டு பத்துக்கு அவள் போன் அடித்தது. "ஆமாங்க... தாராளமா அனுப்புங்க" என்றாள். வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

"மிச்சம் முப்பது பேருக்கும் நீயே போன் போட்டுச் சொல்லு. சிங்கப்பூர் சொல்லக் கூடாது. தனுஷன் சொல்லணும்."

சொன்னான். ஒவ்வொரு போனிலும் அதே கதை, அதே கூச்சம். காலையில் போட்ட பதிவை இடையில் அழித்தான். அதற்குள் ஃபாஸில் அதைப் படம் பிடித்து வைத்திருந்தான்.

அடுத்த போயா. பஜார் அடைத்திருந்தது.

தனுஷன் அறைக் கதவைத் தாழிட்டான். ஜன்னலையும் சாத்தினான். மேசையில் ஒரு புதுக் கொப்பி. வரவுக்குக் கோடு கிழித்திருந்தான். முப்பது சைட்டுகளையும் மறுபடி கட்டிக் குடியேற்ற வேண்டுமே! யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்த இரண்டாவது கம்பெனிக்குப் போன் போட்டான்.

"வணக்கம் சார். என்ன பிரச்சின?"

"ஒண்ணுமில்லீங்க... சும்மா... இருக்கீங்களான்னு..."



"ஹட்டன் தனுஷன் சாருங்களா?"

"எ... எப்படித் தெரியும்?"

"டிக்கோயா சர்மிளா மேடம் காலையில ஏழு மணிக்கே கூப்பிட்டாங்க. நீங்களும் கூப்பிடுவீங்கன்னு சொன்னாங்க. பத்து மணிக்கு முந்தி கூப்பிட்டா முழுப் பேராம்..."

தனுஷன் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று.

"அரைப் பேர் போட்டுட்டேன் சார்!"