ஆலாவில் இருவர் நலம்

தொலைபேசி அலறியது!

ஹைதராபாத் லோத்குண்டாவில், ராணுவ மதிலை ஒட்டிய அந்த மாடி வீட்டில், அன்று காலையில் அது அலறுவது ஐந்தாவது முறை.

துரைராஜ் எடுக்கவில்லை.

அவன் பார்வை மேசையின் மேலிருந்த குறிப்பேட்டை விட்டு அகலவில்லை. 2007 ஜனவரி 18, மாலை ஆறு மணி. பதினொரு படகுகளின் பெயர்கள். பதினொரு டிக் குறிகள்.

பத்து உண்மை.

ஒன்று பொய்!

அந்த ஒரு பொய்யால் அவனுடைய நண்பன் வரதராஜன் கடலில் செத்துப்போனான்.

"போனை எடுக்கப் போறியளா, இல்லியா?" அடுக்களையிலிருந்து அவன் மனைவி ரோஸ்லின் குரல் கொடுத்தாள்.

"நீலாவாத்தான் இருக்கும்."

"இருக்கட்டுமே. புருஷனைப் பறிகொடுத்தவ கூப்பிடுதா. பேசுனா என்ன?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேச?"

"போன்ல மூஞ்சி தெரியாது. எடுங்க!"

மணி நின்றது. அவன் மூச்சு விட்டான்.

பிழைப்புக்கு மென்பொருள், பித்துக்கு ஹாம் ரேடியோ. இதுதான் துரைராஜ். மொட்டைமாடியில் அவன் நிறுத்தியிருந்த ஏரியல், அரபிக்கடலில் முனகுகிற குரலையும் பிடித்துக் கொடுக்கும். அதனால்தான் கொச்சியிலிருந்து கோவா வரை பாய்மரப் படகுகளின் பேரணி புறப்பட்டபோது, கடலே இல்லாத ஹைதராபாத்தில் உட்கார்ந்திருந்த அவனிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

ரோல் கால்!

தினமும் மாலை ஆறு மணிக்கு அவன் படகுகளைப் பெயர் சொல்லி அழைப்பான். ஒவ்வொரு படகின் தலைவனும் தன் சொந்தக் குரலில் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேர், எந்த ஊருக்கு நேரே, நலமா? அதை அவன் திருப்பிச் சொல்வான். எல்லாப் படகுகளும் கேட்கும். மூன்று முறை அழைத்தும் பதில் வராவிட்டால், பின்னால் வருகிற படகை உடனே தேடச் சொல்ல வேண்டும்.

விதி அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கும் புரியும் விதி!

பதினெட்டாம் தேதி 'ஆலா'வை மூன்று முறை அழைத்தான். கடற்பறவையின் பெயர் சூட்டிய அந்தப் படகில் இருந்தவர்கள் வரதராஜனும் அவன் மனைவி நீலாவும் மட்டுமே.

பதில் இல்லை.

ஆறேகாலுக்கு அமெரிக்க வாடிக்கையாளரின் கான்ஃபரன்ஸ் கால். மேலாளர் இரண்டு முறை செல்போனில் மிரட்டிவிட்டார்.

'இவன் என்றைக்கு நேரத்துக்குப் பேசினான்? அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருப்பான்...'

கல்லூரியில் வராத நண்பனுக்காக வருகை சொல்லிப் பழகிய நாக்கு. அன்றும் கூசவில்லை.

"ஆலா... இருவர்... நலம்!" என்று அவனே மைக்கில் சொன்னான். டிக் போட்டான். எழுந்து போனான்.

அன்றிரவு செய்தி வந்தது. வரதராஜனைக் காணவில்லை!

மறுநாள் காலையில் பிணம் கிடைத்தது.

மீண்டும் தொலைபேசி!

இம்முறை ரோஸ்லின் எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"துரை அண்ணா, நீலா பேசறேன். செகந்திராபாத்ல அக்கா வீட்லேர்ந்து."

"நீலா... நான்... எனக்கு என்ன சொல்லதுன்னே..."

"நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். இன்னிக்கு உங்க வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் வராரு. ஆறு மணிக்கு என்ன நடந்துதுன்னு கேப்பாரு. என் வீட்டுக்காரர் பேசினார்னு சொல்லுங்க. அது போதும்."

"அவன் பேசவே..."

"பேசினார், அண்ணா! 'இருவர், நலம்'னு சொன்னார். நான் பக்கத்துல உக்காந்து கேட்டேன். அப்படித்தான் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். உங்க நோட்டுல டிக் இருக்கில்ல?"

"இருக்கு..."

"அதை அடிச்சு கிடிச்சு வைக்காதீங்க."

தொடர்பு அறுந்தது.

துரைராஜ் நாற்காலியில் சரிந்தான். கண்கள் பொங்கின.

"என்னவாம்?" என்றாள் ரோஸ்லின்.

"என்னைக் காப்பாத்துதா! நான் பண்ணுன துரோகம் அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கா. எவ்வளவு பெரிய மனசு பாரு!"

"அப்ப நீங்களும் பொய் சொல்லப் போறியளா?"

"உண்மையச் சொன்னா லைசென்ஸ் போயிரும். கூட்டாளியக் கொன்னவன்னு ஊரே பேசும். வரதனோட அம்மா முன்னால நான் எப்படி நிப்பேன்?"

"நேத்துக் கோயில்ல எல்லாரும் திருவிருந்துக்குப் போனாவ. நீங்க மட்டும் பெஞ்சைப் பிடிச்சிக்கிட்டே இருந்திய. இனிமே எத்தனை ஞாயித்துக்கிழமை அப்படியே இருக்கப் போறிய?"

துரைராஜ் குறிப்பேட்டை மூடினான்.

வாசலில் ஜீப் நின்றது!

இன்ஸ்பெக்டர் சந்தானம் உள்ளே வந்தார். பாட்டன் காலத்திலேயே செகந்திராபாத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பம். நாக்கில் மூன்று மொழிகள் ஒன்றாகப் புரளும்.

"இதென்ன மெஷின்? ராக்கெட் விடுவீங்களா?"

"ஹாம் ரேடியோ, சார்."

"டீயா? நக்கோம்மா, வேணாம்... சரி, போட்டுட்டீங்க, குடுங்க." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "கைக்கு... ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஒரே ஒரு கேள்விதான். கர்நாடகா போலீஸ் கேக்கச் சொன்னாங்க. பதினெட்டாம் தேதி ஆறு மணிக்கு வரதராஜன் உங்ககிட்ட பேசினாரா? ஹவ்வா, இல்லையா?"

ஒரே ஒரு சொல்.

'ஹவ்', ஆமாம் என்றால் தப்பித்தான். குறிப்பேடு சாட்சி. நீலாவும் சாட்சி!

துரைராஜ் வாயைத் திறந்தான். ரோஸ்லின் கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை, சார்."

"க்யா?"

"அவன் பேசல. மூணு தடவை கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆபீஸ் காலுக்கு நேரமாச்சுன்னு நானே 'இருவர், நலம்'னு சொல்லி டிக் போட்டுட்டேன். நான்தான் அவனைக் கொன்னேன். நீலாமேல தப்பு இல்லை, சார். எனக்காகத்தான் அவ பொய் சொன்னா!"

சந்தானம் கத்தவில்லை. தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார்.

"'என் கணவர் ஆறு மணிக்கு ரேடியோவில் பேசியதைப் பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். எட்டு மணிக்குக் கார்வார் அருகே, பாயைச் சரிசெய்யும்போது தவறி விழுந்தார்.' இதை அவங்க எழுதினது எப்போ தெரியுமா?"

"எப்போ?"

"பத்தொம்பதாம் தேதி காலையில. கரையில கால் வெச்ச உடனே. அப்போ நீங்க போட்டது பொய் டிக்குன்னு போலீஸ்ல யாருக்கும் தெரியாது. உங்களைக் காப்பாத்த என்ன அவசரம்?"

துரைராஜ் அந்தத் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தான்.

"பிணம் எங்கே கிடைச்சுது? ஹொன்னாவருக்கு நேரே. மீன்வலை மிதவையோட கயித்தைக் கையில சுத்திப் பிடிச்சிருந்தார். கார்வார்கிட்ட விழுந்தவரு முப்பது மைல் தெற்கே நீந்திப் போய் மிதவையைத் தேடிப் பிடிச்சாரா? அவ்வளவு தெம்பிருந்தா கரைக்கே போயிருப்பாரே!"

"அப்படின்னா..."

"படகு ஹொன்னாவரைத் தாண்டினது மத்தியானம் ரெண்டு மணிக்கு. அப்பவே விழுந்துட்டார். ஆனா ஆறு மணிக்கு உயிரோட இருந்தார்னு உங்க ரோல் கால் சொல்லிச்சு. அதனால கேஸ் நகரவே இல்லை. நீங்க அவரைக் கொல்லல, துரைராஜ். கொன்னவங்களுக்கு சாட்சி தயார் பண்ணிக் குடுத்தீங்க. எந்திரிங்க, போலாம்!"

அரை மணி நேரத்தில் ஜீப் செகந்திராபாத்தில் நின்றது.

நீலா கதவைத் திறந்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற துரைராஜைப் பார்த்தாள்.



"சொல்லிட்டீங்களா, அண்ணா?"

"சொல்லிட்டேன்."

"கைக்கும்மா... ஏன் தள்ளினீங்க?" என்றார் சந்தானம், யாரோ வழி கேட்பதைப் போல.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க ஹப்சிகுடா வீட்டை வித்துட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேக்கல. வேலையையும் விட்டுட்டாராம். 'இனிமே படகுதான் நம்ம வீடு, அடுத்த பேரணி தாய்லாந்துக்கு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். நாலு நாளா வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன் சார், அந்தப் படகுல! என்ன பண்றோம்னு தெரியாம நெஞ்சுல கை வெச்சுத் தள்ளிட்டேன்."

"தள்ளினது ஒரு நொடி. அப்புறம் படகைத் திருப்பலாமே?"

"எனக்குத் திருப்பத் தெரியாது. கயிறு வீசினேன், எட்டல. தானா ஓட்டற மெஷின் படகை இழுத்துக்கிட்டே போயிடுச்சு. தூரத்துல அவர் ஒரு மிதவையைப் பிடிச்சதைப் பார்த்தேன்."

"ரேடியோ இருந்துதே! ரெண்டு மணிக்கே கூப்பிட்டிருக்கலாமே?"

"பயம். கொலைன்னு சொல்லிடுவாங்களேன்னு. நாலு மணி நேரம் அதுக்கு முன்னாடியே உக்காந்திருந்தேன். ஆறு மணிக்கு..." அவள் துரைராஜை ஏறிட்டாள். "நீங்க எங்க படகைக் கூப்பிட்டீங்க, அண்ணா. மூணாவது தடவை கூப்பிட்டப்போ மைக்கைக் கையில எடுத்துட்டேன். எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் எடுத்தேன்."

அவள் கை, இல்லாத மைக்கைப் பிடித்தது போல மடங்கியிருந்தது.

"அதுக்குள்ள நீங்களே 'நலம்'னு சொல்லிட்டீங்க."



குறிப்பேட்டில் ஆலாவுக்கு அடுத்த வரி துரைராஜின் கண்முன் எழுந்து நின்றது. அவன் கையாலேயே எழுதிய வரி. 'மைத்ரி. நால்வர். ஹொன்னாவருக்கு நேரே. நலம்.' பின்னால் வந்த படகு! ஆறு மணிக்கு அது மிதவைக்கு அருகில்தான் சென்றுகொண்டிருந்தது.

விதிப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

"சார்..." அவன் சந்தானத்தின் பக்கம் திரும்பினான். "ஆறு மணிக்கு அவன் உயிரோட இருந்தானா?"

சந்தானம் தொப்பியைக் கழற்றினார்.

"கயிறு உள்ளங்கையை அறுத்திருக்கு. நடுராத்திரி வரைக்கும் பிடிச்சிருந்தார்னு டாக்டர் சொல்றார்."

சந்தானம் அழைத்து வந்திருந்த பெண் காவலர் நீலாவை எழுப்பி வெளியே நடத்திச் சென்றாள். நீலா திரும்பிப் பார்க்கவில்லை. துரைராஜ் இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நீட்டினான்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க, சார்."

"எந்த செக்‌ஷன்ல?"

"ஏதாவது ஒண்ணுல. பார்க்காமலே 'எல்லாம் நலம்'னு சொன்னேனே!"

சந்தானம் அந்தக் கைகளை மெல்ல இறக்கிவிட்டார்.

"நக்கோ, துரைராஜ்! அதுக்கெல்லாம் ஆளைப் பிடிக்க ஆரம்பிச்சா, நாளைக்குக் காலையில ஹைடெக் சிட்டி ஐ.டி. ஆபீஸ்கள்ல லைட்டுப் போடக்கூட ஆள் இருக்காது!"