கியர் பெட்டிக்குள் விழுந்த தாயத்து

விழுந்த சத்தமே கேட்கவில்லை. திருமலைசாமி குனிந்தபடியே காத்திருந்தான். தாயத்து சுண்டுவிரல் நுனி அளவுதான் என்றாலும் வெள்ளி வெள்ளிதானே, பல்சக்கரத்தில் பட்டு 'ணங்' என்றாவது ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் கறுப்பு எண்ணெயில் 'தொபுக்' என்றாவது விழுந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. சட்டைப் பையிலிருந்து நழுவியதைக் கண்ணால் பார்த்தான். மூடி கழற்றிய கியர் பெட்டிக்குள் அது போனதையும் பார்த்தான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அட கருமமே!" என்று வாய்விட்டே சொன்னான்.

யாரை நோவது? பெட்டியைத் திறக்கும் முன் பையைக் காலி செய்வது மெக்கானிக்குக்கு முதல் பாடம். கோயமுத்தூர் மில் பட்டறையில் இருந்த காலத்தில் அவனே எத்தனை பேரை இதற்காக வைதிருக்கிறான்! இன்றைக்கும் பீடிக்கட்டு, தீப்பெட்டி, சாவி எல்லாவற்றையும் எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத்தான் கையை நீட்டினான். தாயத்தை மட்டும் வைக்கவில்லை. வைக்கக் கூடாது என்பது மனைவி நாச்சியம்மாளின் கட்டளை. பிள்ளையின் உலர்ந்த தொப்புள்கொடியை உள்ளே வைத்து ஆசாரி வாயை அடைத்த பிறகு, அரைஞாண் கயிற்றில் கட்டுகிற வரைக்கும் அது பெற்றவன் உடம்பை விட்டு இறங்கக் கூடாது, மண்ணிலோ மரத்திலோ வைத்தால் பிள்ளை தங்காது என்று, ஆசாரியைப் பார்க்கப் பொள்ளாச்சிக்குக் கிளம்பும்போதே வாசலில் மறித்துச் சொல்லியிருந்தாள். முந்தின இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதைக் குப்பைமேட்டில் உருட்டி எடுத்து, குப்புசாமி என்று பேர் வைத்து, தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துப் பார்த்து வளர்க்கிறாள். "இன்னிக்கிப் பொழுது உழறதுக்குள்ள கட்டிப்போடோணுமுங்க" என்றாள். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினான்.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். வழியில் பொங்கியண்ணன் வண்டியை நிறுத்தி, "கொஞ்ச நேர வேலைதானுங்க மேஸ்திரி" என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மலைத் தோட்டத்துத் துரையிடம் அவர் பழசாக வாங்கிய இரும்புச் சக்கர டிராக்டர். வாங்கிய நாளிலிருந்து ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது கிடையாது. சனியன் பிடித்த மிஷின்! ஊரில் உள்ள எருதெல்லாம் இதைப் பார்த்துச் சிரிக்கும்.

முழங்கை வரை கையை விட்டான். ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து புழுதியோடு வந்து தகரக் கொட்டகையை அறைந்துகொண்டிருந்தது. கூரையில் ஆணி கழன்ற தகடு ஒன்று விட்டு விட்டு அடித்தது. மண்ணெண்ணெயும் துருவும் பழைய கோணிச் சாக்கும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. விரல்கள் பல்லைத் தடவின, தண்டைத் தடவின, மூலை முடுக்கெல்லாம் தடவின. எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகக் கையைப் பிடித்தது. தாயத்து இல்லை. கையை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி எடுத்தான். பற்களைக் கடித்துக்கொண்டு டிராக்டரின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் உதை விட்டான். கால்தான் வலித்தது.

அப்போதுதான் உறைத்தது. எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது. நாலு நாளாக ஓடாத மிஷின்.

"என்னுங் மேஸ்திரி, மூடியக் கழட்டுனதோட நிக்குது?" பொங்கியண்ணன் துண்டை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். "நாளைக்கு விடியால ஓட்டோணுமுங்க. பேஞ்ச ஈரம் காஞ்சுபோச்சுன்னா இந்த இரும்ப வெச்சுக்கிட்டு நான் பூசையா பண்றது?"

"ஒரு போல்ட்டு உள்ள உழுந்துபோச்சுங்க."

"ஒரு போல்ட்டுதானுங்களே? கெடக்குது, உடுங்க. நான் முன்னால சுத்தறேன், ஸ்டார்ட்டு பண்ணிப் பாத்துப்போடலாம்." அவர் முன்பக்கத்துக் கைப்பிடியை நோக்கி நடந்தே விட்டார்.

"அய்யோ, தொடாதீங்க!"

திருமலைசாமி கத்திய கத்தலில் அவர் நின்றுவிட்டார். பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் தாயத்து தகடாகிவிடும். உள்ளே இருப்பது பொடியாகிவிடும். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "போல்ட்டு இல்லீங்க. பையனோட தாயத்துங்க. கொடி வெச்சு அடைச்சது" என்றான்.

பொங்கியண்ணன் முகத்திலிருந்த அவசரம் வடிந்துபோனது. அவரும் பிள்ளை பறிகொடுத்தவர். "இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்க" என்று முணுமுணுத்தவர், டின்களை அவரே எடுத்து வந்து கொடுத்தார்.

அடித் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்தார்கள். திருமலைசாமி தன் வேட்டியில் ஒரு முனையைக் கிழித்து வடிகட்டினான். போன தடவை அவன் கையாலேயே ஊற்றிய எண்ணெய் இரண்டு டின்தான். இரண்டும் நிறைந்தன. மூன்றாவதும் நிறைந்தது. துணியில் இரும்புத் தூள் ஒட்டியது, வேறொன்றும் ஒட்டவில்லை. மேலே வந்து எட்டிப் பார்த்தால், எண்ணெய் இருந்த மட்டத்திலேயே இருந்தது.

"இதென்னுங், கெணறா?" என்றார் பொங்கியண்ணன். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

திருமலைசாமிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. திருகை முடுக்கிவிட்டு எழுந்தான். மேற்கே வெளிச்சம் செம்மண் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பொழுது விழுந்துவிடும். வெறுங்கையோடு அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பது?

"இருங்க, அரிக்கன் வௌக்கு எடுத்தாரேன். அப்படியே உங்க ஊட்டுல ஒரு வார்த்தை, நேரமாகும்னு சொல்லிப்போட்டு வாரேன்" என்று பொங்கியண்ணன் வெளியேறினார். அவர் நடையில் ஒரு வேகம் இருந்தது. இந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்கிற வேகம்.

அவன் தனியாக நின்றான்.

தகடு அடிப்பது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. காற்றும் இல்லை. ஆடி மாதத்தில், இந்த ஊரில், காற்றில்லாத ஒரு சாயங்காலத்தை அவன் பார்த்ததே கிடையாது. பெட்டிக்குள்ளிருந்து வாடை வந்தது. எண்ணெய் வாடை இல்லை. வெந்நீர், மஞ்சள், சாம்பிராணி, அவற்றுக்கெல்லாம் அடியில் பச்சை ரத்தம். நாச்சியம்மாள் பிள்ளை பெற்ற அன்று மருத்துவச்சி கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அதே வாடை.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. கால் நகர்ந்தும்விட்டது. ஆனால் உள்ளே கிடப்பது அவன் பிள்ளையின் உயிர். வேறு யார் எடுப்பார்கள்?

சட்டையைக் கழற்றி எறிந்தான். கையை விட்டான். முழங்கை. அதற்கும் மேலே. பெட்டி அவ்வளவு ஆழம் கிடையாது, அது அவனுக்குத் தெரியும். தோள் வரை போனது. கன்னம் இரும்பில் பட்டது. இரும்பும் சூடாக இருந்தது.

விரலில் ஏதோ தட்டியது.

"வந்துரு, சாமி" என்று கெஞ்சினான். "வந்துரு."

பிடித்துவிட்டான். தாயத்து இல்லை. கயிறு. கயிறு எப்படி வந்தது? கயிறு கட்டவே இல்லையே. வழவழவென்று இருந்தது. விரல் பருமன். முறுக்கிக்கொண்டிருந்தது.

துடித்தது.

விரலுக்குள் அது துடித்தது. நின்று, மறுபடி துடித்தது. கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அப்படி. விட்டுவிட நினைத்தான். முடியவில்லை. இழுத்தான். வந்தது. கறுப்பு எண்ணெய் வழிய, நீலமும் வெள்ளையுமாக, ஒரு முழம் வந்தது. இன்னொரு முழமும் வந்தது. அடியில் ஏதோ கனத்தது. அந்தக் கனத்தை அவன் கை அறியும். தினமும் தூக்குகிற கனம்.

"ஏனுங்க."

கொட்டகை வாசலில் நாச்சியம்மாள் நின்றாள். இடுப்பில் பழம்புடவைத் துணிச் சுற்று. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அவள் அவன் கையைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன் அழவே மாட்டீங்கறானுங்க. பொங்கியண்ணன் வந்து சொன்னதும் தூக்கிக்கிட்டுக் கெளம்பறப்ப நல்லாத்தான் இருந்தான். வார வழியில..." குரல் உடைந்தது. "லேசாயிட்டே வாரானுங்க. பாருங்க. கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குதுங்க."

அவன் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான். வேண்டுமென்று இல்லை. பிடியை மாற்றிப் பிடித்ததில் இழுபட்டது.

துணிச் சுற்று அவள் இடுப்பில் தொய்ந்தது.

"நாச்சி, கிட்ட வராத. அங்கயே நில்லு."

இழுப்பதை நிறுத்தினான். விட்டால் உள்ளே போய்விடும். இழுத்தால் அங்கே குறைகிறது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். புஜம் வலித்தது. எண்ணெயில் கை வழுக்கியது. வெளியே கடைசி வெளிச்சமும் போனது.

நாச்சியம்மாள் துணியைப் பிரித்தாள். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிரித்துக்கொண்டே போனாள். துணி முழுவதும் தரையில் விழுந்தது. அவள் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள்.

அப்போது பிள்ளை அழுதது.

பெட்டிக்குள்ளிருந்து அழுதது. பசிக்கு அழுகிற அழுகை.

அவன் எட்டிப் பார்த்தான். கறுப்பு எண்ணெயை விலக்கிக்கொண்டு ஒரு பிஞ்சுக் கை மேலே வந்தது. காற்றைத் துழாவியது. பிடிக்க எதுவும் அகப்படாமல், பக்கத்திலிருந்த பல்சக்கரத்தின் ஒரு பல்லை ஐந்து விரலாலும் இறுகப் பிடித்துக்கொண்டது.

முன்பக்கத்தில், கைப்பிடியருகே யாரும் இல்லை. கைப்பிடி மெல்லச் சுற்றத் தொடங்கியது.